தூதரகம் இல்லை, தொழிற்சாலை உண்டு



பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சில் செலுத்துகிறார்கள். அச்சைத் திறந்த நொடியில் செருப்பு உப்பிக்கொண்டு, அச்சைவிடப் பெரிதாக வெளியே வருகிறது. உலகமெங்கும் விற்கும் 'கிராக்ஸ்' செருப்பு அது. 2023 நவம்பரில் தொடங்கிய இந்தத் தொழிற்சாலையில் கோத்தாரி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்திருப்பவர்கள் தைவான்காரர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் பக்கத்து அரியலூர் மாவட்டத்துக்கும் அதே அலை வந்தது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 1,000 கோடி ரூபாய், வேலை 15,000 பேருக்கு என்றது அரசின் அறிவிப்பு.

இவ்வளவு பணம் போடுகிற தைவானை இந்தியா ஒரு நாடாக அங்கீகரிக்கவில்லை.

மாவோவின் சீன அரசை இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகரித்தது. அதோடு தைவானுக்குப் போய்விட்ட சியாங் காய்ஷேக்கின் பழைய சீன அரசுடன் உறவு அறுந்தது. 1971இல் ஐ.நா. சபையில் சீனாவுக்கான இருக்கையும் பெய்ஜிங்குக்குப் போனது. இன்று தைவானோடு முழுத் தூதரக உறவு வைத்திருப்பவை 12 அரசுகள்தான். பெரும்பாலும் சின்னஞ்சிறு நாடுகள். இந்தியா 1995இல் ஒரு வழி கண்டது. தைபேயில் இந்தியா–தைபே சங்கம், டெல்லியில் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம். பெயரைக் கேட்டால் இலக்கிய மன்றம் போல இருக்கும். நடப்பதோ தூதரக வேலை. சென்னையிலும் 2012இல் ஒரு மையம் திறந்தார்கள். 2018 டிசம்பரில் கையெழுத்தான முதலீட்டு ஒப்பந்தத்திலும் இரு தரப்பாக நின்றவை அரசுகள் அல்ல, இந்த இரண்டு அமைப்புகள்தான்.

அங்கீகாரம் வேறு, வியாபாரம் வேறு என்பதற்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திரன் காலத்தில், 1033இல், சோழத் தூதுக்குழு சீனத்தின் சோங் அரசவைக்குப் போனது. 1077இல் குலோத்துங்கன் காலத்திலும் ஒரு குழு போனது. கடாரம் வென்ற சோழரையே ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர்கள் என்று ஒரு கட்டத்தில் சீன அவைக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது! குறிப்பு என்ன சொன்னாலும் கப்பல்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

அப்படியானால் ஒரேயடியாகத் தூதரகமே திறந்துவிடலாமே என்பவர்கள் லிதுவேனியாவைப் பார்க்க வேண்டும். 2021இல் தன் தலைநகரில் 'தைவான்' என்ற பெயரிலேயே ஓர் அலுவலகம் திறக்க அந்த நாடு அனுமதித்தது. சீனா தூதரக உறவைத் தாழ்த்தியது. லிதுவேனியச் சரக்குகள் சீனத் துறைமுகங்களில் முடங்கின. இந்தியாவுக்கோ சீனாவோடு நீண்ட எல்லைத் தகராறே இருக்கிறது. 2020இல் கல்வான் எல்லை மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். மருந்து மூலப்பொருள் முதல் எலக்ட்ரானிக் உதிரிப்பாகம் வரை பெருமளவு சீனாவிலிருந்து வருகின்றன. பெயர்ப் பலகைக்காக இத்தனையையும் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

அதற்காகக் கூனிக் குறுகவும் வேண்டியதில்லை. 2024 ஜூனில் தைவான் அதிபர் லாய் சிங்-தேயின் தேர்தல் வாழ்த்துக்குப் பிரதமர் மோடி எக்ஸ் தளத்தில் நன்றி சொன்னார். சீனா ஆட்சேபித்தது, வியாபாரம் ஒன்றும் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மும்பையிலும் தைவான் மையம் திறந்தது.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியத் தொழிலாளர்கள் தைவானுக்கு வேலைக்குப் போக 2024 பிப்ரவரியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாளை பெரம்பலூர் இளைஞர் ஒருவர் அங்கே போய்ச் சம்பளத் தகராறில் சிக்கினால், கைகொடுக்க இந்தியத் தூதர் என்று ஒருவர் தைபேயில் இல்லை. இந்தியா–தைபே சங்கத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆகவே அந்தச் சங்கத்துக்குக் கூடுதல் ஆட்களும், தொழிலாளர் வழக்குகளைக் கவனிக்கத் தனி அதிகாரியும் தமிழ் தெரிந்த ஊழியர்களும் தேவை. இதற்கு எந்த அங்கீகாரமும் வேண்டாம். டெல்லி நிதி ஒதுக்கினால் போதும்.