மின் பலகையை மாற்ற வேண்டிய காலம் எது?

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கிராமத்துப் பழைய வீடுகளில் திண்ணையைக் கடந்து உள்ளே நுழைந்தால், சுவரில் ஆள் உயரத்தில் ஒரு மரப்பலகை தென்படும். அதன்மீது மீட்டர், அதனருகே இரும்பு மெயின் ஸ்விச், அதன் கீழே வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். ஆயுத பூஜையன்று கலப்பைக்கும் அரிவாளுக்கும் சந்தனம் இடும் கை, அந்தப் பலகைக்கும் ஒரு பொட்டு இட்டுவிட்டுப் போகும். ஆண்டில் அந்த ஒருநாள் தவிர அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இன்று அந்தப் பலகையைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்துள்ளோம்.

1957-ஆம் ஆண்டில் மின்சார வாரியம் அமைந்த பின்னர் ஊர் ஊராகக் கம்பி இழுக்கப்பட்ட காலத்தில், ஒரு வீட்டில் எரிந்தவை நான்கைந்து விளக்குகள். வசதியுள்ள வீடாயின் ஒரு ரேடியோ. அதற்கேற்ப அமைத்த பலகை அது. பின்னர் மின்விசிறி வந்தது. 2006-இல் அரசாங்கம் வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011-இல் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. இப்பொழுது குளிர்சாதனப் பெட்டி, வெந்நீர்க் கொதிகலன், மின் அடுப்பு, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்று வீடு நிறைந்துவிட்டது. இவை வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுவரில் இருக்கும் பலகை மட்டும் பாட்டனார் காலத்துப் பலகையாகவே இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். கருவியின் வாட் அளவை 230-ஆல் வகுத்தால், கம்பியில் ஓடும் ஆம்பியர் கிடைத்துவிடும். நாற்பது வாட் விளக்குகள் நான்கும் ஒரு ரேடியோவும் சேர்ந்தால் ஓர் ஆம்பியர்கூட ஆகாது. இரண்டாயிரம் வாட் கொதிகலன் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதே அளவுள்ள மின் அடுப்பு இன்னொரு 9. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 4-க்கு மேல். ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடத் தொடங்கும் வேளையில் தன் வழக்கமான அளவைப்போலச் சில மடங்கு இழுத்துவிட்டுப் பிறகுதான் அடங்கும். காலை ஏழு மணிக்கு இவை யாவும் ஒருங்கே ஓடினால் 25 ஆம்பியரைத் தாண்டிவிடும்.

ஏற்றம் இறைத்த காலத்து வாய்க்காலில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரின் நீரைத் திருப்பினால் கரை என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கம்பியில் உடைவது கரையன்று, அதன் மேலுறை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த கம்பி, ஒரு புதிய கருவி வந்த சில மாதங்களிலேயே கருகிவிடுகிறது.

இந்தச் சூட்டைத் தடுப்பதற்காகவே பியூஸ் வைத்தார்கள். ஐந்து ஆம்பியருக்கு வேண்டிய பியூஸ் கம்பியின் கனம் 0.2 மில்லிமீட்டர், பதினைந்து ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். தலைமயிரைவிடச் சற்றே தடித்தது, அவ்வளவே. அது உருகிப் போவது குற்றமன்று, அதன் கடமை. நாம் கல்லூரியில் படித்த நாளில், தேர்வுக்கு முந்தைய இரவில் பியூஸ் இரண்டு முறை போயிற்று. மூன்றாம் முறை, கிழிந்த ஒயரிலிருந்து சில இழைகளை முறுக்கிப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தோம். விளக்கு எரிந்தது. காலையில் எங்கள் தகப்பனார் அதைக் கண்டுபிடித்து, அன்று பேசியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. எனவே இக்குற்றத்தைச் செய்தவர்களை நாம் ஏளனமாகப் பேசமாட்டோம்.

எங்கள் ஒன்றியத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஊரும் பேரும் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் ஒரு வீட்டில் பியூஸ் அடிக்கடி போயிற்று. விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், கொத்தனார் உபயோகிக்கும் கட்டுக்கம்பியில் ஒரு துண்டை மாட்டிவிட்டார். அதன்பிறகு பியூஸ் போகவேயில்லை. வீட்டார் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். பதினைந்து நாள் கழித்து, நள்ளிரவில் பலகைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. ஒருவர் குடத்து நீரை ஊற்ற ஓடினார். நல்லவேளையாக அடுத்த வீட்டுப் பெரியவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மெயினை அணைத்து, மணலை வாரி எறிந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பலகைக்கு மேலிருந்த பரண் எரிந்து, விதைநெல் மூட்டைகளும், அவ்வீட்டுப் பெண்ணின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த பெட்டியும் போயின. நகல் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அந்தப் பெண் விண்ணப்பிக்க வேண்டிய வேலையின் கெடு முடிந்துவிட்டது.

கோப்பில் காரணம் என்ற இடத்தில் 'மின்கசிவு' என்று எழுதினோம். அலுவலகங்களில் எல்லாத் தீவிபத்துக்கும் இந்த ஒரு சொல்லையே எழுதிவிடுகிறார்கள்; நாமும் எழுதினோம். அந்தச் சொல்லுக்குள் கட்டுக்கம்பி தெரியாது.

நிற்க. பலகையை மாற்ற வேண்டிய காலத்தை அறிவது எப்படி? பியூஸ் ஒருமுறை போனதற்காகப் பலகையை மாற்ற வேண்டியதில்லை. ஒரு கட்டை மட்டும் கருகியிருந்தால் அக்கட்டையை மாற்றலாம். ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் முடுக்கினால் போதும். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாக வைக்கச் சொல்லும் வியாபாரிகளும் உண்டு. ஆகவே அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் அடையாளம் சூடு. எல்லாக் கருவிகளும் ஓடும் வேளையில், காலில் செருப்புடன், உலர்ந்த புறங்கையைப் பெட்டியின் மூடிக்கு அருகே கொண்டுசெல்லுங்கள். வெறுமனே இளஞ்சூடு இருப்பது வேறு; அருகில் போனதுமே அனல் தெரிந்தால் வேறு. அடுத்தது வாடை. சமையலறையில் மீன் இல்லாத நாளில் பலகைப் பக்கம் மீன் கவிச்சிபோல ஒரு நாற்றம் வந்தால், பிளாஸ்டிக்கோ பேக்லைட்டோ வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற சத்தம். இவற்றில் எது நேர்ந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று விடக்கூடாது.

மோட்டார் போடும்போது விளக்கு ஒரு கணம் மங்குவது இயல்பு. எப்பொழுதும் மினுக்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் மங்கலாகவும் சில கண்கூசவும் எரிந்தால், நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். உடனே மெயினை அணையுங்கள்; தாமதித்தால் வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் போய்விடும்.

மழைநீர் குழாய் வழியே பெட்டிக்குள் இறங்கிய கறை, துருப்பிடித்த இரும்பு, மரத்தில் கறையான், பெட்டிக்குள் பல்லி முட்டை, இவை இருந்தால் மாற்றிவிடுவதே மேல். மரப்பலகையைப் பொறுத்தவரை எங்கள் அபிப்பிராயம் இதுதான்: அது எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். எரியும் பொருளின்மீது எரிக்கும் பொருளை வைத்திருப்பானேன்?

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. பழைய மெயின் ஸ்விச்சுகள் பலவற்றில் பேஸிலும் நியூட்ரலிலும் தனித்தனி பியூஸ் இருக்கும். நியூட்ரலில் உள்ள பியூஸ் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் கம்பியில் மின்சாரம் இருக்கும். விளக்கு எரியவில்லையே என்று நம்பித் தொடுபவர் கதி என்ன? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே நியூட்ரலில் பியூஸ் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட பலகை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது, கிரைண்டர் 'ஜிவ்'வென்று இழுக்கிறது என்று தாய்மார்கள் சொல்வார்கள். மரக்கட்டைமேல் நின்று மாவரைக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பியூஸினால் பிரயோஜனமில்லை. மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரின் சிறு பகுதியே போதும். ஐந்து ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. இதற்காக உள்ளதுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முப்பது மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, வழிதவறிப் போனாலும் நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டித்துவிடும். பியூஸ் வீட்டைக் காக்கிறது. இது ஆளைக் காக்கிறது. பலகையை மாற்றப் பணமில்லை என்பவரும் இதை மட்டுமாவது தகுந்த ஆளைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பிடித்தவரை இது காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

புதிய பெட்டி வைக்கும்போது இரு கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கும் மெயின் ஸ்விச், அதையடுத்து ஆர்.சி.சி.பி., அதன்பின் எம்.சி.பி.கள் என்று அமையட்டும். விளக்குக்கு 6 ஆம்பியர், பெரிய பிளக்குக்கு 16 ஆம்பியர், மோட்டாருக்குத் தனிவழி. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 16-ஐக் கழற்றி 32 போடுவது, பழைய கட்டுக்கம்பிக்குப் புதுச்சட்டை போட்டதே ஆகும். கம்பியின் கனத்துக்கேற்றதே எம்.சி.பி.யின் அளவு.

ஒன்று கவனியுங்கள். பழைய வீடுகளில் ஒரு நியூட்ரலே பல வழிகளுக்குப் பொதுவாக ஓடும். சுவருக்குள் ஈரம் இருக்கும். புதிய ஆர்.சி.சி.பி. பொருத்தியதும் அது விழுந்துகொண்டே இருக்கும். வேலையாள் இரண்டு முறை பார்த்துவிட்டு, அதைச் சுற்றி நேராக இணைத்துவிட்டுப் போய்விடுவார். பெட்டி புதிது, காவல் இல்லை. ஆகவே வேலை முடிந்ததும் 'டி' என்று எழுதிய பொத்தானை நீங்களே அழுத்திப் பார்த்து, வீடு முழுவதும் விளக்கு அணைகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே கூலி கொடுங்கள். பின்னர் அமாவாசைதோறும் ஒருமுறை அழுத்துங்கள். ஏர் கட்டாத நாளில் இந்த ஒரு வேலை இருக்கட்டும். எர்த் குழிக்கும் கோடையில் இரண்டு குடம் நீர் ஊற்றுங்கள்.

மீட்டரும் அதன் முத்திரையும் வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றில் கை வைக்கலாகாது. மெயினை அணைத்தாலும் மீட்டர்வரை மின்சாரம் இருக்கும். மீட்டருக்கு அப்பாலுள்ள வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். கருவிகள் பெருகியிருந்தால் கூடுதல் பளுவுக்கு வாரியத்தில் விண்ணப்பியுங்கள்.

இனிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு. உங்கள் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் அறையைக் கடைசியாக எப்பொழுது திறந்து பார்த்தீர்கள்? நாங்கள் தணிக்கைக்குச் சென்ற ஓர் அறையில், தரையெல்லாம் நீர். ஆபரேட்டர் வெறுங்காலோடு நின்று, ஸ்டார்ட்டரைக் காய்ந்த குச்சியால் அழுத்தினார். கேட்டதற்கு, "கையால் தொட்டால் அடிக்குதுங்க, ஐயா" என்றார். மூன்று வருஷமாகவாம்! அவர் யாரிடமும் சொல்லாமல் இல்லை. கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவே. குறித்துக்கொண்டவர்களில் எங்கள் அலுவலகமும் ஒன்று. அந்தப் பலகை மறுவாரம் மாற்றப்பட்டது. மூன்று வருஷத்து மராமத்து ஒரு நாளில் முடிந்தது.

தெருவிளக்குக் கம்பத்தில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் மூடியின்றித் தொங்கும் பெட்டிகள், அங்கன்வாடி, பள்ளிச் சத்துணவுக் கூடம், நூலகம் ஆகிய இவை எல்லாவற்றையும் புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்னர், ஒரு பட்டியலாக எழுதி எங்களிடம் கொடுங்கள். மோட்டார் அறை பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

மேசைமீது இரண்டு பெட்டிகள் வைத்துள்ளோம். ஒன்று நாம் சொன்ன வீட்டிலிருந்து எடுத்த கருகிய பலகை; கட்டுக்கம்பி இன்னும் அதில் இருக்கிறது. மற்றது புதியது. ஒப்பந்தக்காரர் அதைத் திறந்து காட்டுவார். ஆபரேட்டர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.