ஊர்ப்பெயரும் வெள்ளப்படமும்



ஆற்றுவெள்ளம் எதுவரை பரவும் என்று காட்டும் நிலப்படம் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். அதன் முதற்கோடு ஊர்ப்பெயரிலேயே உள்ளது. ஏரி, தாங்கல், பள்ளம், ஓடை என்பன நீர் தங்குமிடமென முன்னோர் நட்ட எல்லைக்கற்கள் அல்லவா?

சென்னை மாம்பலத்து நெட்டேரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராயர் நகராயிற்று. நுங்கம்பாக்கத்தில் ஏரியும் போயிற்று. பெயரும் 'லேக் ஏரியா' என ஆங்கிலமாயிற்று. வள்ளுவர் கோட்டமே 1976-இல் ஏரிநிலத்தில்தான் எழுந்தது. நம்மவரும் நாணத்தக்க செய்தி இது.

2015 திசம்பர் 1ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு தன் பழைய படுகையைத் தேடிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுள் புகுந்தது. சுவர்களில் நீர் விட்டுச்சென்ற கறைகளை அளந்து, முதியோரைக் கேட்டு, புல எண்ணோடு ஊராரே குறித்தல் வேண்டும். செயற்கைக்கோள் பரப்பைக் காட்டும். எத்தெருவில் இடுப்பளவு நின்றது என்பதை அங்கு வாழ்ந்த தாயே சொல்வாள்.

அடிக்கடி நீரேறும் நிலம் வயலாகவோ விளையாட்டுத் திடலாகவோ இருக்கட்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வருவோர்முன் ஊர்மன்றம் அப்படத்தை விரித்துக் காட்டுக! கரையோரக் குடிசைகளை மட்டும் குறித்துவிட்டு மாடிவீடுகளைத் தாண்டிச் செல்லும் கோட்டை மட்டும் ஊரார் ஒப்புக்கொள்ளலாகாது.