ஒரு பழைய பித்தளை ஊதுகுழலை இனங்காணுதல்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரை படித்துவிட்டு, இங்கே ஓர் உலோகத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். பிள்ளைகளின் பாண்டு வகுப்புக்குப் பழைய வாத்தியங்கள் வாங்கலாமா என்று போன கூட்டத்தில் கதை வந்தது. 'பழசு எண்டால் குப்பைதான்' என்றார் ஒருவர். ஸ்காபரோவில் ஒரு பழைய சாமான் கடையில் 25 டொலருக்கு நான் வாங்கிய ஊதுகுழலை வைத்து அதற்குப் பதில் சொல்லுகிறேன்.

கடைக்காரர் அதை ரம்பெற் என்றுதான் விற்றார். அது கோர்ணெற். இரண்டின் குழாயும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆனால் கோர்ணெற் கூடுதலாகச் சுருட்டப்பட்டது, குழாயும் படிப்படியாக அகன்று போகும். ரம்பெற்றின் வாய்த்துண்டு இதற்குள் சரியாக இறங்காது. வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கோ.

வாயகன்ற பக்கம் நெளிந்திருந்தது. அதில் 'வெய்லி றோய்ஸ், ரொறன்ரோ' என்று வெட்டியிருந்தது. 1888இல் தொடங்கி, யங் வீதியில் கடை வைத்திருந்த கம்பெனி அது. ஆகவே என்னுடைய குழல் அந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல. ஆனால் பெயரைக் கண்டதும் அவர்களே செய்தது என்று முடிவுகட்ட முடியாது. அந்தக் காலத்துக் கடைகள் பல, ஐரோப்பாவில் செய்வித்து இறக்கித் தங்கள் பெயரை வெட்டி விற்றன. வெய்லி றோய்ஸ் இங்கேயே செய்ததும் உண்டு, இறக்கி விற்றதும் உண்டு. பற்றவைத்த மூட்டைக் கையால் தடவினால் வேலைக்காரன் கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும். அவன் பெயரை எவரும் வெட்டி வைக்கவில்லை.

தொடர் இலக்கம் பெரும்பாலும் நடு வால்வில் இருக்கும். பதிவேடு இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. லண்டன் பூசி கம்பெனியின் பழைய உற்பத்திப் பதிவேடுகள் அங்குள்ள ஹோர்னிமன் மியூசியத்தில் இருக்கின்றன. பூசி வாத்தியம் அகப்பட்டால் இலக்கத்தை எழுதி வையுங்கோ.

அடுத்தது உயிர் இருக்கிறதா என்ற சோதனை. ஊரில் கோயில் திருநாளுக்கும் செத்த வீட்டுக்கும் பாண்டு வாசித்த ஓர் ஐயா இங்கே இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். "தம்பி, பிஸ்ரனை அமத்தாமல் இந்தச் சின்னக் குழாயை இழு. 'டொப்' எண்டு கேட்டால் காத்துப் போகேல்லை" என்றார். மூன்றும் 'டொப்' என்றன! நெளிவுக்குப் பயப்பட வேண்டாம், தட்டி எடுக்கலாம். பயப்பட வேண்டியது இளஞ்சிவப்புப் புள்ளிகளுக்குத்தான். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரத்தால் துத்தநாகம் கரைந்து போனால் செம்பு மட்டும் சல்லடை மாதிரி நிற்கும். என்னுடையதில் வாய்த்துண்டு செருகும் குழாயில் அப்படி இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. அந்தக் குழாயை மாற்ற 140 டொலர் கேட்கிறார்கள்.

கடைசியாகச் சுருதி. இன்றைய அளவு 440. அது 1939இல் சர்வதேச மாநாட்டில் ஒத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் பிரித்தானியப் பித்தளை பாண்டுகள் 1960கள் வரை 452 அளவில், கூடின சுருதியிலேயே வாசித்தன. அப்படியான குழலைப் பிள்ளை பள்ளிக்கூட பாண்டுக்குக் கொண்டுபோனால் மற்றவர்களோடு சேராது. பிள்ளைதான் வெட்கப்படும். என்னுடையது, சுருதிக் குழாயை ஒரு விரலளவு வெளியே இழுத்ததும் 440க்கு வந்துவிட்டது.

எல்லாமாக 165 டொலர். குழாயை மாற்றினால் என்ர மகள் வாசிக்கலாம். மாற்றத்தான் போகிறேன். சங்கம் வாங்குவதானால் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கட்டும். சுருதி பார்க்கும் சின்ன மெசினையும் நான் தருகிறேன்.

கோர்ணெற் பின்மேசையில் இருக்கிறது. தொட்டுப் பாருங்கோ. குத்துவிளக்கு மாதிரி பழப்புளி போட்டு மினுக்க வேண்டாம், வெட்டின எழுத்துத் தேய்ந்துவிடும்.