பயறு மடிக்கா, வயிற்றுக்கா?

(திருப்புட்குழியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



சாப்பாட்டு விஷயம் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரித்ததாகவும் கேள்விப்பட்டோம். மோட்சத்தில் என்ன கிடைக்கும் என்று பேச ஆயிரம் கூட்டம் நடக்கிற நாட்டில், அடுப்பங்கரையில் என்ன கிடைக்கிறது என்று பேச ஒரு கூட்டம் போட்டால் குற்றமில்லையென்றே கருதுகிறோம்.

இவ்வூரின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. புள் என்றால் பறவை. ஜடாயுவைத் தகனம் செய்த குழியாம். அந்தக் கதையை இன்று விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது இவ்வூர்க் கோவிலின் இன்னொரு சங்கதி. பிள்ளையில்லாத பெண் இங்கு வந்து, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்திருக்க வேண்டுமாம். விடிந்து பார்க்கும்போது பயறு முளைத்திருந்தால் பிள்ளை உண்டாம். வறுத்த பயறையே முளைக்க வைக்கிற தாயார் என்று மரகதவல்லித் தாயாருக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்பது ஊருக்கு இழிவு என்று யாரும் கோபிக்க வேண்டாம். ராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், குரு சொன்ன பொருளை மறுத்துப் பேசியதும் இவ்வூரில்தான் என்று வைணவர்களே சொல்லுகிறார்கள். குருவையே கேள்வி கேட்ட ஊரில் பயறைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் இறுகுவதைப் பார்த்திருக்கிறீர்கள். இறுகினதை எந்த மந்திரத்தாலும் மறுபடி நீராக்க முடியாது. அந்த வெள்ளைக்கருவில் தண்ணீர் போக இருப்பது பெரும்பாலும் புரதம். பயறுக்குள்ளே முளையைத் தட்டி எழுப்புகிற நொதி என்னும் பொருள்களும் புரதமே. நன்றாக வறுத்தால் அவை கெட்டுப்போகும், முளை செத்துப்போகும். வறுப்பு இலேசாக இருந்தால் சில பயறு பிழைத்திருக்கும். ஈரத்துணியும் உடம்புச் சூடும் கிடைத்தால் அது முளைவிடும். ஆகவே மடியில் நடப்பது அடுப்புக்காரரின் கைவாகைப் பற்றிய பரீட்சையே தவிர, பெண்ணின் கருப்பையைப் பற்றிய பரீட்சை அல்ல. நம்பாதவர்கள் ஒரு பிடி பயறை எடுத்து, பாதியை இலேசாகவும் பாதியைக் கருகவும் வறுத்து, இரண்டு துணியில் நனைத்துக் கட்டி வைத்துப் பாருங்கள். அதற்குப் பெண்ணும் வேண்டாம், மடியும் வேண்டாம்.

இன்னொன்று. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆண் பக்கத்துக் குறையும் கலந்திருக்கிறது என்பது வைத்தியர்கள் கண்டது. அப்படியிருக்க, இதுவரை எந்த ஆணின் இடுப்பிலாவது பயறு கட்டிப் பார்த்தார்களா? மலடி என்ற சொல்லை ஊர் கூடிச் சொல்லுகிறது. மலடன் என்ற சொல்லோ அகராதியோடு நின்றுவிடுகிறது.

நிற்க. மடியில் கட்டிய அந்தப் பயறின் யோக்கியதை என்ன என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். பச்சைப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 23 கிராம் புரதம் இருக்கிறது. துவரை, உளுந்து, வேர்க்கடலை எல்லாம் அதற்குச் சற்று முன்பின். அரிசியிலோ 8 கிராம்தான். நம்முடைய சதை, இரத்தம், தோல், மயிர், நகம், தாயின் வயிற்றில் வளரும் பிள்ளையின் உடம்பு எல்லாவற்றுக்கும் புரதமே கட்டுமானப் பொருள்.

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. 20 விதமான அமினோ அமிலங்கள் பலவிதமாகக் கோத்து உண்டாகிறது. அவற்றில் 9 வகையை நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வரவேண்டும். இந்த வரிசையில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட திரியோனின் என்பதை வில்லியம் ரோஸ் என்ற அமெரிக்கர் 1935-இல் வெளியிட்டார். ஒன்பது பெயரையும் நெட்டுருப்போட நாம் சொல்லவில்லை. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு பெயர் போதும்.

பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். பட்டு நூலே ஒரு புரதந்தான். முசுக்கொட்டை இலையைத் தின்று புழு செய்து தருகிற புரதம். ஒரு புடவைக்கு உடல் நூல் வேண்டிய மட்டும் இருந்தும் கரை நூல் பாதியில் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? தறி நின்றுபோகும். மிச்சமிருக்கும் உடல் நூலால் அந்தப் புடவைக்குப் பிரயோஜனமில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற நூல் குறைச்சல். பருப்புப் புரதத்தில் லைசின் ஏராளம்; ஆனால் மெத்தியோனின் குறைச்சல், அது அரிசியில் போதிய அளவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை ஒன்று நிரவிவிடும். ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. ஒரு நாளைக்குள் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு.

இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் இந்தக் கணக்கில் அமைந்தவைதாம். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. காஞ்சிபுரத்துக் கோவிலில் சாமிக்குப் படைக்கிற இட்லிக்கு அரிசிக்குச் சரிபாதி வரையில் உளுந்து போடுகிற வழக்கமிருக்கிறது. ஏழை வீட்டு இட்லியிலோ நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. சாப்பிடாத சாமிக்குப் புரதம் சரியாக இருக்கிறது. சுண்டலும் அப்படியே, நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்கு முன் வைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்துவிடுகிறோம்.

இப்பொழுது ரேஷன் கடைக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். 2011 முதல் அரிசி இலவசம். இவை நல்ல ஏற்பாடுகள். பல மாநிலங்களில் இவ்வளவுகூட இல்லை. ஆனாலும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும் வந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். மூன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபதுக்கு ஒன்று. அந்த 8 கிராம் பருப்பில் 2 கிராம் புரதம்கூட இல்லை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதமோ சுமார் 46 கிராம். கர்ப்பிணிக்கு நடு மூன்று மாதத்தில் இன்னும் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூட வேண்டுமென்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே பருப்பின் அளவைக் கூட்டு என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது.

அந்த 8 கிராமாவது யார் வயிற்றுக்குப் போகிறது? முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் சமைத்தவள் என்பதுதானே நம் வீட்டு மனுதர்மம்? அவள் உட்காரும்போது குழம்பில் பருப்பு இருக்காது. ரசத்தின் மண்டிதான் இருக்கும். கர்ப்பிணியாயிருந்தால் "அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம்" என்று கிழவிகள் வாயைக் கட்டுகிறார்கள். அமாவாசை, சஷ்டி, வெள்ளி என்று விரதம் வேறு. பிள்ளை வரம் கேட்டு மடியில் பயறு கட்டுகிறவளுக்கு, பிள்ளை வந்த பிறகு ஒரு கிண்ணம் பயறு கொடுக்க ஆளில்லை!

இதன் பலன் பிள்ளையிடம் தெரியும். 'சவலை' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். கைப்பிள்ளையாயிருக்கும்போதே தாய் மறுபடி கர்ப்பமாகிப் பால் நின்றுபோன குழந்தை. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இன்று கானா என்று வழங்கும் ஆப்பிரிக்க நாட்டில், கால் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் மாறிய குழந்தைகளைக் கண்டு 1933-இல் எழுதினார். அவ்வூர்த் தாய்மார் அந்நோய்க்கு வைத்திருந்த 'குவாஷியோர்கர்' என்ற பெயருக்கு, அடுத்த பிள்ளை வந்ததால் இடம் இழந்த பிள்ளையின் நோய் என்பது பொருள். கடல் கடந்த கறுப்புத் தாயும் நம் கிராமத்துத் தாயும் ஒரே கண்ணால் கண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் அதற்குத் தாயத்துக் கட்டினார்கள் என்பதுதான் கேவலம்.

ஆனால் புரதம் ஒன்றே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சேலத்தில் பிறந்து, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இந்நோய்களை ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன், இக்குழந்தைகளுக்கு முதல் குறை வயிறு நிறையாத குறையே என்று வற்புறுத்தி வந்தார். அடுப்புக்கு விறகில்லாத வீட்டில் கதவைப் பிடுங்கி எரிப்பதுபோல, வயிறு நிறையாத உடம்பு தின்ற புரதத்தையும் எரித்துவிடும். முதலில் சோறு, களி, கூழ் நிறைய வேண்டும். அதோடு பருப்பு வேண்டும்.

டப்பாவில் விற்கிற பவுடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலவற்றில் சர்க்கரையே மிகுதி. இப்பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற வரிசையில் வைத்து விற்க வேண்டாமென்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய வியாபாரிகளுக்குச் சொல்லவேண்டி வந்தது. உங்கள் கொல்லையில் விளைகிற வேர்க்கடலையில் எண்ணெயை ஆட்டி விற்றுவிட்டு, புரதம் நிறைந்த புண்ணாக்கை மாட்டுக்கு வைத்து, அந்த மாட்டின் பாலையும் விற்று, அந்தக் காசில் டப்பா வாங்குவது என்ன கணக்கு?

மாமிசம் தின்பவர்களுக்குச் சிரமமே இல்லை. முட்டை, மீன், கருவாடு, ஆடு, கோழி, மாடு எல்லாவற்றிலும் ஒன்பது அமிலங்களும் அளவாக இருக்கின்றன. மாட்டிறைச்சி தின்கிறவனை இழிசாதி என்றார்கள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தினார்கள். உடம்புக்குச் சாதி தெரியாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் 1989-இல் முட்டை நுழைந்தது; 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. பிள்ளைகளின் தட்டில் செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ 20 கிராம் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் தட்டில் வீட்டார்தான் வைக்க வேண்டும்.

சைவமாகவே இருப்போம் என்பவர்களுக்கும் வழியுண்டு. அரிசியும் கேழ்வரகுமாக 300 கிராம், பயறு பருப்பு 75 கிராம், வேர்க்கடலை ஒரு பிடி, அதாவது 30 கிராம். இதிலேயே சுமார் 47 கிராம் புரதம் வந்துவிடும். கர்ப்பிணியின் கடைசி மாதங்களுக்கு இதோடு இன்னும் ஒரு பிடி கடலையும், ஒரு முட்டை அல்லது ஒரு டம்ளர் பாலும், ஒரு கிண்ணம் சுண்டலும். அங்கன்வாடியில் அவளுக்கென்று தருகிற சத்துமாவை வீட்டார் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது.

கூட்டத்தில் இரண்டு துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. பயறு வாயு என்கிறார்களே என்று ஒரு தாயார் கேட்கிறார். பயறிலுள்ள ஒருவகைச் சர்க்கரையை நம் குடல் செரிப்பதில்லை. அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் பெரும்பகுதி குறையும். வறுக்காத பயறை முளைகட்டினால் இன்னும் குறையும். முளைகட்டுவதால் புரதம் பெருகிவிடாது. செரிப்பது எளிதாகும், வைட்டமின் சி உண்டாகும். முதலில் கொஞ்சமாய் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இப்படிச் சாப்பிடலாமா என்பது இன்னொரு சீட்டு. கூடாது. அவருக்குப் புரதத்தின் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நம் பேச்சைக் கேட்டுப் பயறைக் கூட்ட வேண்டாம்.