பாட்டுக்கு யார் பேரில் பட்டா?

(போடிநாயக்கனூரில் இளைஞர்கள் நடத்திய ராப் இசை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், மலையில் வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும் ஜெய்பீம்.

'தெருக்குரல்' அறிவைப் பற்றிப் பேசச் சொல்லித் தம்பிகள் கூப்பிட்டார்கள். அவருடைய பாட்டு என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வரி பிசகாமல் பாடுவார்கள். அந்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் பாட்டைப் பற்றிக் கொஞ்சமாகவும், பாட்டுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன்.

அறிவரசு கலைநேசன் அரக்கோணத்துக்காரர். பொறியியல் படித்தவர், கவிதை எழுதியவர். 2018 ஜனவரி 6 அன்று, சபாக்கள் களைகட்டியிருந்த அதே மார்கழியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். அடுத்த ஆண்டு ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து அறிவு 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். அதில் படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை. தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அரசு மறக்கச் சொன்ன பெயரை ஒருவன் தாளத்தில் கட்டி வைத்தான். இந்த இசையின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. அதில் வரும் வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக இருந்தவர். அவரைப் போல லட்சக்கணக்கானவர்கள் அங்கே காட்டை அழித்து, கொழுந்து பறித்து, ஒரு நாட்டுக்கே சோறு போட்டார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். மூட்டைக் கணக்கு மாதிரி ஆள் கணக்கு. அந்த மக்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

இது போடிக்காரர்களுக்கு விளக்க வேண்டிய கதை இல்லை. விடியுமுன் ஜீப்பில் அடைந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறங்கும் பெண்களின் பிள்ளைகள்தானே நாம்? காய் செடியின் அடித்தூரில் இருக்கும். குனிந்தபடியே எடுக்க வேண்டும். மழையும் அட்டையும் கூடவே இருக்கும். அந்தக் காய் ஏலத்துக்குப் போகும்போது மூட்டையின் மேல் யார் பெயர் இருக்கிறது? பறித்தவள் பெயர் இல்லை.

பாட்டுக்கும் அதே கதி நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்கள் இருந்ததில் தப்பில்லை. ஆனால் 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற அந்த இரண்டு பாட்டுக்கும் வரி எழுதியவர் அட்டையில் இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதன்பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு, மேடையில் அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்றார்கள். தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். மாரியம்மாள் அம்மாவின் குரலுக்கு முன்னால் நான் கைகட்டி நிற்பேன், நம் கேள்வி அவரிடம் இல்லை. சில நாளில் அறிவு மனம் உடைந்து எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தன் பக்கத்தைச் சொன்னார், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024இல், பாட்டு வந்து 3 ஆண்டு ஆன பிறகு, அந்தப் பாட்டால் தனக்கே ஒரு பைசா வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

எந்த மெட்டு யாருடையது என்ற வழக்குக்கு நான் நீதிபதி இல்லை. பாட்டு பெரிதாகப் பெரிதாக எந்தப் பெயர் முதலில் கழன்று விழுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறேன். அறிவுக்கு இத்தனை பேர் குரல் கொடுத்தார்கள். யாருக்கும் தெரியாத ஒருத்திக்கு?

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் மாமா மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து செத்துப்போனார். என் அம்மா அவருக்காக ஓர் ஒப்பாரி கட்டினார். அது ஊரில் வழங்கிய பாட்டு இல்லை, அவராகவே கட்டியது. ஜீப்பின் நிறம், மாமா தூக்கிப்போன தூக்குவாளி எல்லாம் அதில் வரும். சில வருடம் கழித்து நகரத்திலிருந்து சிலர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், கையில் 200 ரூபாய் வைத்தார்கள். பிறகு ஒருநாள் செல்போனில் அந்தப் பாட்டு வேறொரு குரலில் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய்யா, இது நம்ம அண்ணன் பாட்டுல்ல?" என்றார். கீழே எழுதியிருந்ததைப் படித்தேன்: மரபுப் பாடல்.

மரபு என்றால் என்ன தோழர்களே? நம் ஆட்கள் எழுதினால் மரபு, மற்றவர் எழுதினால் படைப்பு. மரபுக்குப் பட்டா கிடையாது, யார் வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்ளலாம். அம்மா கோபப்படவில்லை. "மாமா பேரையாவது சொல்லிருக்கலாம்" என்றார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ராப்பை எனக்குப் பிடிக்க ஒரு காரணம் இதுதான். பாடுகிறவன் தன் பெயரையும் தன் தெருவின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுவான். தற்பெருமை என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பெயர் பறிபோனவனுக்கு அது தற்பெருமை இல்லை. அறிவு பின்னாளில் ஒரு தொகுப்புக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். அட்டையிலிருந்து தூக்கலாம், மேடையிலிருந்து தூக்கலாம். பாட்டியைத் தலைப்பிலேயே உட்காரவைத்துவிட்டால் எப்படித் தூக்குவது?

தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரி யார், தாளம் யார், சொல் யாரிடம் கேட்டது என்று பாட்டை ஏற்றும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். வாய்ப்பேச்சாகவே விட்ட நிலமெல்லாம் எங்கே போனது என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள்.

இன்று பாடப்போகும் மூன்று பாட்டுக்கும் பெயர்கள் பின்னால் பலகையில் இருக்கின்றன. இரண்டாவது பாட்டு என் மாமாவின் ஒப்பாரி. தம்பிகள் அம்மாவிடம் கேட்டு, தாளம் சேர்த்து, மாமா பெயரையும் வைத்திருக்கிறார்கள். அம்மா அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் நாலு மணிக்கு எழுந்தவர், இன்னும் சாப்பிடவில்லை. தம்பிகள் பாடட்டும்.