பாதுகாப்பது மலிவு, மீட்பதற்குத்தான் செலவு

ஓர் ஆவணத்தைப் பத்து, இருபது ஆண்டுகள் கிளவுட் சேமிப்பில் வைத்திருக்க ஆகும் செலவு மூன்று வகைப்படும். வைத்திருப்பதற்கான மாத வாடகை ஒன்று. கோப்புகளை உள்ளே போடும்போதும் திறக்கும்போதும் விழும் கட்டணம் இன்னொன்று. திறந்ததை இணையம் வழியாக வெளியே கொண்டுவரும் கட்டணம் மூன்றாவது. விலை கேட்பவர்கள் பெரும்பாலும் வாடகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீண்ட காலப் பாதுகாப்புக்குத் திட்டமிடும்போது மற்ற இரண்டையும் முதலில் பார்ப்பதே சரி. வைத்த பொருளை என்றைக்கு, எவ்வளவு வேகத்தில், யார் திரும்ப எடுக்கப் போகிறார்கள் என்பது முடிவானால், எதை எங்கே வைப்பது என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

2006 மார்ச்சில் தொடங்கிய அமேசான் எஸ்3 சேவையின் விலைப்பட்டியலே இதற்குப் போதுமான சான்று. அதில் நினைத்தவுடன் திறக்கும் சாதாரண அடுக்கும் உண்டு, அரிதாகவே திறக்கும் பொருள்களுக்கான ஆழ் அடுக்குகளும் உண்டு. 2025 நிலவரப்படி, அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் ஒரு டெராபைட்டைச் சாதாரண அடுக்கில் வைக்க மாதம் சுமார் 23 டாலர். 2019-இல் அறிமுகமான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்ற ஆழ் அடுக்கில் சுமார் 1 டாலர். பத்தாண்டுக்குக் கணக்கிட்டால் முதலாவது 2,760 டாலர், இரண்டாவது 120 டாலருக்குள். சிங்கப்பூரிலும் மும்பையிலும் விலை சற்றுக் கூடுதல், ஆனால் அங்கும் ஆழ் அடுக்கு பன்மடங்கு மலிவுதான்.

மலிவுக்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகள் வருகின்றன. ஆழ் அடுக்கில் இருப்பதைக் கேட்டவுடன் பார்க்க முடியாது. கேட்ட பிறகு சாதாரண முறையில் 12 மணி நேரமும், மலிவான மொத்த முறையில் 48 மணி நேரமும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே போட்ட கோப்பை 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்த 180 நாள் வாடகையைக் கட்டியே ஆக வேண்டும். அதனால் நாள்தோறும் திருத்தப்படும் கணக்குகளுக்கு இது ஏற்ற இடமல்ல. மைக்ரோசாஃப்டின் அசூர் ஆர்க்கைவ் அடுக்கிலும் இதே 180 நாள் விதி. கூகுளின் ஆர்க்கைவ் அடுக்கு உடனே திறக்கும், ஆனால் குறைந்தபட்சக் காலம் 365 நாள், திறக்கும் கட்டணமும் அதிகம்.

வெளியே எடுக்கும் செலவுக்கு வருவோம். ஆழ் அடுக்கில் இருக்கும் ஒரு டெராபைட்டை மொத்த முறையில் திறக்க இரண்டரை டாலர் போதும். அதை இணையம் வழியாகக் கொண்டுவர ஜிகாபைட்டுக்கு 9 சென்ட். மாதந்தோறும் முதல் 100 ஜிகாபைட்டுக்குக் கட்டணமில்லை என்பதால் அதைக் கழித்தால் 81 டாலர். ஒரே ஒரு முறை முழுவதையும் மீட்பதற்கு ஏழு ஆண்டு வாடகை போய்விடுகிறது. அவசரம் இல்லாதவர்கள் மாதம் 100 ஜிகாபைட்டாக இறக்கினால் பத்து மாதத்தில் ஏறத்தாழ இலவசமாகவே முடித்துவிடலாம். காத்திருக்க முடிந்தவருக்கு ஒரு விலை, முடியாதவருக்கு வேறு விலை.

மியன்மாரில், யாங்கூன் ஆற்றின் தென்கரையில், பான்சொடன் படகுத்துறைக்கு நேர் எதிரே இருக்கும் டாலாவை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம். படகில் சிறிது நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் டாலா தாழ்வான டெல்டா நிலம். அங்கே ஒரு கோயிலோ பள்ளியோ சங்கமோ தன் பழைய பேரேடுகளையும் சேர்க்கைப் பதிவேடுகளையும் திருமணப் பதிவுகளையும் வருடி (ஸ்கேன் செய்து) வைக்க நினைத்தால் எவ்வளவு இடம் தேவைப்படும்? ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் வண்ணத்தில் வருடி, சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 மெகாபைட் வரும். 400 பக்கப் பேரேடு ஒன்று பத்து ஜிகாபைட்டைத் தாண்டும். நூறு பேரேடுகள் என்றால் ஏறக்குறைய ஒரு டெராபைட்.

இந்த மூலக் கோப்புகளை யாரும் அன்றாடம் திறப்பதில்லை. தாத்தாவின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுபவருக்கு ஒரு மெகாபைட் அளவுள்ள ஜேபெக் படமே தாராளம். 40,000 பக்கங்களுக்கும் அப்படிப் பார்வைப் படிகள் எடுத்தால் மொத்தம் 40 ஜிகாபைட்தான். அதைச் சாதாரண அடுக்கில் வைக்க மாதம் 92 சென்ட். மூலக் கோப்புகள் ஆழ் அடுக்கில் ஒரு டாலர். ஆக, நூறு பேரேடுகளுக்குக் கிளவுட்டில் ஆகும் மாத வாடகை இரண்டு டாலருக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கொட்டி வைத்துவிட்டுக் கிளவுட் விலை அதிகம் என்று சொல்பவர்கள் இந்தப் பிரிவினையைச் செய்யாதவர்கள்.

கோப்புகளைக் கட்டி வைக்கும் முறையும் செலவைத் தீர்மானிக்கிறது. ஆழ் அடுக்கில் ஒவ்வொரு கோப்புக்கும் குறிப்புத் தகவலுக்காக 40 கிலோபைட் கூடுதலாகக் கணக்கில் ஏறும். பெரிய படங்களுக்கு அது பொருட்டில்லை. ஆயிரக்கணக்கான சிறு உரைக் கோப்புகளுக்கு அந்தக் கூடுதலே உள்ளடக்கத்தை மிஞ்சிவிடும். அதற்காக நூறு பேரேட்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால், ஒரு பக்கம் வேண்டும் என்றாலும் முழு டெராபைட்டையும் திறக்க வேண்டிவரும். பேரேட்டுக்கு ஒரு பொட்டலம் என்பதே பொருத்தமான அளவு. பத்து ஜிகாபைட் பொட்டலத்தைத் திறக்க மூன்று சென்ட்கூட ஆகாது, இறக்குவதும் அந்த மாதத்தின் இலவச அளவுக்குள் முடிந்துவிடும். பொட்டலத்துக்குள் எந்தெந்தக் கோப்புகள் இருக்கின்றன, அவை மாறாமல் இருக்கின்றனவா என்று காட்டும் சரிபார்ப்புக் குறி என்ன என்ற பட்டியல் உள்ளேயும் இருக்க வேண்டும், தனியே வெளியேயும் இருக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முதலானவை உருவாக்கிய பேக்இட் என்ற வடிவம் இதற்காகவே ஏற்பட்டது. பட்டியல் இல்லாத ஆழ் சேமிப்பில் தேடுவதற்கே பெருஞ்செலவாகும்.

அடுத்தது நகல்களின் இருப்பிடம். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்ற விதியைக் கணினித் துறையில் பலரும் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒரே விபத்தில் எல்லா நகல்களும் போய்விடாமல் இருப்பது. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறி மறுநாள் யாங்கூனைத் தாக்கியது. டாலாவில் ஒரு வன்வட்டும் எதிர்க்கரையில் ஒரு வன்வட்டும் வைத்திருப்பது அப்படிப்பட்ட புயலுக்குப் போதாது. மறுபக்கம், ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு மியன்மாரில் இணையம் திரும்பத் திரும்ப முடக்கப்பட்டது. மார்ச் நடுவில் கைபேசி இணையமும், ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா அகலப்பட்டையும் நின்றன. கிளவுட்டில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் தங்கள் ஆவணமே எட்டாக்கனி. எனவே டாலாவுக்கு இரண்டும் வேண்டும்: கையெட்டும் தூரத்தில் வன்வட்டு, கடல் கடந்த ஊரில் கிளவுட்.

கிளவுட் நிறுவனத்தையே முழுமையாக நம்பிவிடலாமா என்பதற்கு அண்மை ஆண்டுகள் பதில் சொல்லியிருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனி அமைப்பு ஓர் அமைவுப் பிழையால் அழிக்கப்பட்டது.  வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகலும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்குகளை மீட்கக் கைகொடுத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியே நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒப்புக்கொள்ள முடியாத காரணம் அது. ஆழ் அடுக்கின் பட்டியல் விலையில் 858 டெராபைட்டுக்கு மாத வாடகை ஆயிரம் டாலரைத் தொடாது.

தொலைவில் இருக்கும் நகலின் மதிப்பை, ரங்கூன் என்று அழைக்கப்பட்ட அன்றைய யாங்கூனின் தமிழர் வரலாறும் சொல்லும். ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்த ஏ.கே. செட்டியார் பின்னர் உலகைச் சுற்றி சுமார் 50,000 அடி படச்சுருள் சேகரித்து, 1940-இல் மகாத்மா காந்தி பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் படம் காலப்போக்கில் காணாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதிக்குக் கிடைத்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கியிருந்த சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு. உலகத்தின் வேறு மூலையில் ஒரு நகல் இருந்ததால் இவ்வளவாவது மிஞ்சியது. மூலம் அங்கே இல்லாததால் சுருக்கம் மட்டுமே மிஞ்சியது. பார்வைப் படியை மட்டும் தொலைவில் வைத்து மூலத்தை ஒரே இடத்தில் விட்டுவைப்பவர்களுக்கும் நேரக்கூடியது இதுதான்.

தீயும் வெள்ளமும் ஒருபுறம் இருக்க, மனிதக் கையால் வரும் அழிவே அடிக்கடி நிகழ்கிறது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் காப்பு நகல் எடுக்கும் நிரலில் ஏற்பட்ட பிழை 77 டெராபைட் ஆய்வுத் தரவை அழித்துவிட்டது. காப்பதற்காக எழுதிய நிரலே அழித்தது. இதைத் தடுக்க, குறிப்பிட்ட காலம் வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி கோப்பைப் பூட்டும் வசதி கிளவுட் சேவைகளில் உண்டு. பணம் கேட்டு மிரட்டும் தீநிரல்களுக்கும் அந்தப் பூட்டு தடையாக நிற்கும். பழைய பதிப்புகளை விட்டுவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் வாடகை ஏறும் என்பதால் எத்தனை நாள் வைப்பது என்று விதி எழுதிவிட வேண்டும். மறையாக்கம் செய்தால் அதன் திறவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி இரண்டு ஊர்களில் பத்திரப்படுத்துவது அவசியம். திறவுச்சொல் தொலைந்தால் கோப்பு பத்திரமாக இருந்தும் பயனில்லை.

சிறிய அமைப்புகளுக்குப் புயலைவிடவும் பெரிய ஆபத்து, கட்டணம் நின்றுபோவது. கணக்கு ஒரு தனிமனிதரின் மின்னஞ்சலிலும் கடன் அட்டையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் ஊரை விட்டுப் போனாலும் அட்டை காலாவதியானாலும் எச்சரிக்கைகள் யாரும் திறக்காத பெட்டிக்கே போகும். அமேசானில் கணக்கு மூடப்பட்டு 90 நாள் கழிந்தால் உள்ளே இருப்பவை நிரந்தரமாக அழிந்துவிடும். மியன்மாரிலிருந்து டாலரில் பணம் கட்டுவது சிரமம் என்பதால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவுகளில் ஒருவர் கட்டணப் பொறுப்பை ஏற்பது வழக்கமாகிவிடும். அது ஒருவரோடு நிற்காமல் சங்கத்தின் பெயரில், இரண்டு பொறுப்பாளர்களின் கையில் இருக்க வேண்டும்.

மீட்பு வரிசையையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வேண்டுமானால் பார்வைப் படி. மூலம் வேண்டுமானால் டாலாவிலுள்ள வன்வட்டு, அது பழுதானால் எதிர்க்கரை வன்வட்டு. இரண்டும் போனால்தான் ஆழ் அடுக்கு. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு டெராபைட் இறங்க, இரவு பகல் நில்லாமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் பிடிக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் அது இன்னும் நீளும். அறுந்த இடத்திலிருந்து தொடரக்கூடிய மென்பொருளும், பேரேடு பேரேடாகக் கட்டிய பொட்டலங்களும் இருந்தால் இழுபறி குறையும். அல்லது வெளிநாட்டில் இருப்பவர் இறக்கி, வன்வட்டில் போட்டு, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பலாம். பல சமயங்களில் அதுவே விரைவான வழி.

மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நர்கிஸ் மே மாதத் தொடக்கத்தில் வந்தது, 2023-இல் மோக்கா புயல் மே 14-இல் வந்தது. ஏப்ரலில் திஞ்ஜான் நீர்த்திருவிழா முடிந்த கையோடு, மழை இறங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, ஆழ் அடுக்கிலிருந்து ஏதேனும் ஒரு பேரேட்டைக் கேட்டு வாங்கி, சரிபார்ப்புக் குறி ஒத்துவருகிறதா, பக்கங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதைக் கணக்கைத் தொடங்கியவர் செய்யாமல், இதுவரை செய்யாத இன்னொருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும்.