தாரும் ரோசாவும்



பாரோலோ என்னும் இத்தாலிய வைனை நான் முதலில் அறிந்தது நாவினால் அல்ல, வாசிப்பினால். பெப்பே பெனோலியோ என்ற எழுத்தாளரைத் தேடிப் படித்த நாட்கள் அவை. 1922 இல் அல்பா நகரில் பிறந்தவர். போர் முடிந்த பின் அந்நகரின் வைன் நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனிக்கும் உத்தியோகம் பார்த்தவர். வைன் விற்கக் கடிதம் எழுதிய அதே கைதான் கதைகளையும் எழுதியது.

அல்பாவுக்குத் தென்மேற்கே, லாங்கே குன்றுகளில், பதினொரு ஊர்களின் நிலத்தில் விளையும் நெபியோலோ திராட்சை ஒன்றினாலேயே பாரோலோ ஆகிறது. 'நெபியா' என்றால் மூடுபனி. பனி இறங்கும் ஒக்டோபரிலே பழுப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

பெரும்புகழ் பெற்ற சிவப்பு வைன் என்றதும் கறுத்துத் தடித்த ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். நண்பர் ஒருவர் வீட்டில் அரைக் கிண்ணம் கிடைத்தபோது ஏமாந்துபோனேன். நிறம் வெளிறியிருந்தது, விளிம்பிலே செங்கல் நிறம். முகர்ந்தேன். வாடிய ரோசாவும் வீதிக்கு ஊற்றும் தாரும்! இரண்டும் சேர்ந்து எப்படி மணக்கும் என்று கேட்பீர்கள். மணக்கிறது. வாயில் வைத்தாலோ, அதிகநேரம் ஊறிய பிளேன்ரீயைப் போல நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. ரீயிலுள்ள 'தனின்' வகைப் பொருட்கள்தான் இங்கும் அந்த வேலையைச் செய்கின்றன.

இத்துவர்ப்பு அடங்கக் காலம் வேண்டும். குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்கவேண்டும் என்பது சட்டம். 'ரிசேர்வா' என்றால் 62 மாதங்கள். 1980களில் இளையவர்கள் சிலர் சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்களைக் கொண்டுவந்து வைனை விரைவில் மென்மையாக்க முனைந்தபோது குடும்பங்களே பிளவுபட்டன. பழைய பெரும்பீப்பாயை விடாத பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று போத்தல் சிட்டையிலேயே எழுதிவைத்தார். 2005 இல் மறையும்வரை அவர் இறங்கி வரவில்லை. என் மனம் அக்கிழவரின் பக்கமே.

ஆனால் பெனோலியோவை மறந்து இதைக் குடிக்க முடியவில்லை. 1954 இல் வெளிவந்த 'லா மலோரா' என்ற அவரது குறுநாவலில், அதே லாங்கேயின் மேட்டுப்பகுதியில், வறுமை தாளாத குடும்பம் ஒன்று அகொஸ்தீனோ என்ற மகனைக் குத்தகை விவசாயி ஒருவனிடம் கூலிக்கு விடுகிறது. அங்கே உணவே அளந்துதான் கிடைக்கும். இப்பிரதேசத்தின் திராட்சைக் குன்றுகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அகொஸ்தீனோ கொத்திய மண்ணும் அவற்றுக்கு அயல்தான்.

"எப்படி இருக்கிறது?" என்றார் நண்பர்.

"துவர்க்கிறது" என்றேன்.

அவர் மீண்டும் ஊற்றினார். நான் மறுக்கவில்லை.